வரப்பறியாக் காவலர்: தோப்புகளைக் காக்கும் பூச்சிகள்

பயிருக்குப் பகை பூச்சி என்பதைக் குடியானவர் எல்லோரும் அறிவர். அந்தப் பூச்சிக்கும் ஒரு பகை உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. பூச்சியின் பகையை நமக்கு நட்பாக்கிக் கொள்ளலாம் என்று தெரிந்து, அவ்வாறே நடப்பவர் அவரினும் சிலர். இம்மாதப் பாடத்தில் நாம் ஆராயப் புகுவது இந்த மூன்றாவது செய்தியையே ஆகும்.

கூட்டுறவு ஏட்டில் பூச்சியின் வரலாறு எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். உரம் வாங்குவதும் விளைபொருளை விற்பதும் தனித்தனியே செய்தாலும் ஒருவாறு நடந்தேறும். சேர்ந்து செய்தால் நன்மை கூடும், அவ்வளவே. பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கும் முறையோ, ஒற்றுமை இல்லாத ஊரில் நிலைத்து நிற்பதே அரிது. நமக்குக் காவலாக வரும் பூச்சிக்குப் பட்டாவும் தெரியாது, வரப்பும் தெரியாது. ஒருவர் தோப்பில் அது வாழ வேண்டுமாயின் பக்கத்துத் தோப்பிலும் அது சாகாதிருக்க வேண்டும். இதனை மெய்ப்பிக்கும் வரலாறுகள் சிலவற்றை முதலில் காண்போம். பின்னர் நம் சங்கங்கள் செய்யத்தக்கவை யாவை என ஆராய்வோம்.

மரப்பயிரின் தனித்தன்மை

நெல்லும் பருத்தியும் சில மாதங்களில் அறுவடையாகி நிலம் வெறுந்தரையாகிவிடுகிறது. அவ்வயலில் குடியேறிய நல்ல பூச்சிகள் அத்துடன் வீடிழந்து போகின்றன. தென்னை, மா, எலுமிச்சை, காப்பி போன்றவை அவ்வாறல்ல. நெட்டைத் தென்னை அறுபது ஆண்டுகளுக்கு மேலும் நின்று பயன் தரும். இலை ஆண்டு முழுவதும் உண்டு, நிழல் உண்டு, தீமை செய்யும் பூச்சியும் சிறு அளவில் எப்போதும் உண்டு. ஆகவே அதனை இரையாகக் கொள்ளும் பூச்சிகளும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ முடிகிறது. இம்முறை பெற்ற பெருவெற்றிகளுள் பல, மரத் தோட்டங்களில் கிடைத்தவையாக இருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. வளர்ந்த தென்னையின் உச்சிக்கு மருந்து தெளிப்பது எளிய வேலையன்று. விசைத்தெளிப்பானுக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவு ஒருபுறம். தெளித்ததில் பாதி காற்றோடு போய்க் கிணற்றிலும் மாட்டுத் தீவனத்திலும் விழுவது மறுபுறம். ஏணி வேண்டாது, கூலி கேளாது, ஓலையின் அடிப்புறத்தையும் தேடிச் செல்லும் வேலையாள் ஒருவர் கிடைப்பாராயின் அவரை யார் வேண்டாமென்பர்?

இரைவிழுங்கியும் ஒட்டுண்ணியும்

நன்மை செய்யும் பூச்சிகள் இரு வகைப்படும். பிற பூச்சிகளை நேராகப் பிடித்துத் தின்பவை இரைவிழுங்கிகள். ஓர் இரைவிழுங்கி தன் வாழ்நாளில் பல பூச்சிகளை உண்ணும். பொறிவண்டும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் இவ்வகையின. மற்றொரு வகை ஒட்டுண்ணிகள். இவை பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய குளவிகள். தீய பூச்சியின் உடலிலோ உடல் மீதோ முட்டையிடும்; பொரித்த புழு அந்த ஒரு பூச்சியைத் தின்றே வளர்ந்து வெளிவரும்.

இவற்றை இனங்காணாமையால் விளையும் கேடு பெரிது. பொறிவண்டை யாவரும் அறிவர். அதன் புழுவை அறிந்தவர் குறைவு. வண்டு அழகியது, புழுவோ கருத்து, முட்கள் போன்ற புடைப்புகளுடன் காண்பதற்கு அருவருப்பானது. ஆதலின் இலையில் அதைக் கண்டவர் தீய பூச்சி எனக் கருதி நசுக்குவர். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு இன்னும் ஏமாற்றும். அதன் உடல் முழுவதும் வெண்ணிற மெழுகு இழைகள் மூடியிருப்பதால் அதுவும் ஒரு மாவுப்பூச்சியாகவே தோன்றும். சற்றுப் பெரிதாகவும், விரைந்து நடப்பதாகவும் உள்ள மாவுப்பூச்சியைக் கண்டால் கையை ஓங்குமுன் ஒருமுறை உற்று நோக்குவது நல்லது. தலைமயிர் போன்ற மெல்லிய காம்பின் நுனியில் கடுகினும் சிறிய முட்டை நிற்பதைக் கண்டால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை என்றறிந்து அவ்விலையைப் பறிக்காது விட்டுவிட வேண்டும்.

கலிபோர்னியாவில் நடந்தது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊரில், 1868ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அகேசியா இன மரத்தில் புதிய செதிள் பூச்சி ஒன்று காணப்பட்டது. ஐசீரியா என்பது அதற்கு அறிஞர் இட்ட பெயர். பெண் பூச்சி தன் உடலின் பின்புறத்தில் பஞ்சுப்பொதி போன்ற வெண்ணிறப் பையைக் கட்டி, அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அதனால் நாம் இதனைப் பஞ்சுப்பொதிச் செதிள் பூச்சி என்று வழங்குவோம். மரத்தின் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவை இலைகளின் மீது சொரியும். அக்கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும்; மரம் நாளடைவில் நலியும்.

இருபது ஆண்டுகளுக்குள் இப்பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களெங்கும் பரவிற்று. சோப்புக் கரைசல், எண்ணெய்க் கரைசல் யாவும் தெளித்துப் பார்த்தனர். மரத்தின் மேல் கூடாரம் கவித்து நச்சுப்புகை இட்டனர். எதற்கும் அடங்காமையால் மரங்களை வேரோடு பெயர்த்து எரித்தவரும் உண்டு.

அப்போது அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமைப் பூச்சியியலாளராக இருந்த சி. வி. ரைலி ஒரு வினாவை எழுப்பினார். இப்பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அங்கே அது மரங்களை அழிக்கவில்லை, ஏன்? அதனை அடக்கும் பகை அங்கே உண்டு. அப்பகை கப்பலேறவில்லை என்பதே விடை. அப்பகையைத் தேடி வர 1888ஆம் ஆண்டு ஆல்பர்ட் கோபெலே என்பவர் அனுப்பப்பட்டார். பூச்சியியலாளரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசுப் பணம் செலவிட அப்போது தடை இருந்தது. ஆகவே மெல்போர்ன் நகரப் பொருட்காட்சிக்குச் சென்ற அமெரிக்கக் குழுவைச் சேர்ந்தவராக அவர் போய் வந்தார்.

அடிலெய்டு நகரில், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், ஐசீரியாவைத் தின்னும் சிறு பொறிவண்டு ஒன்றை அவர் கண்டார். சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். உளுந்தினும் சிறிய உடல். அக்காலத்தில் அதன் பெயர் வெடாலியா. இன்று அறிவியல் நூல்கள் ரொடோலியா என்று கூறும். 1888 நவம்பர் முதல் 1889 ஜனவரி முடிய மூன்று தவணைகளில் 129 வண்டுகள் உயிருடன் கலிபோர்னியா சேர்ந்தன. அவற்றைப் பெற்ற காக்கிலெட் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தோட்டம் ஒன்றில் கூடாரத்தால் மூடப்பட்ட ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டார். ஏப்ரல் மாதத்துக்குள் அம்மரத்தின் பூச்சி முழுவதும் தீர்ந்து, வண்டு பெருகி நின்றது. கூடாரம் திறக்கப்பட்டது. பின்னர் வந்த தவணைகளையும் சேர்த்து மொத்தம் இறக்குமதியானவை 514 வண்டுகளே. 1889 ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகள் இருநூறுக்கு மேற்பட்ட தோட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. வண்டு பெருகிய தோட்டத்துக்கு அயலூரார் வந்து, வண்டு நிறைந்த சிறு கிளைகளை எடுத்துச் சென்றனர். அடுத்த ஆண்டுக்குள் பூச்சி ஒடுங்கிற்று. இவ்வளவுக்கும் ஆன செலவு 5000 டாலரை எட்டவில்லை.

நீலகிரிக்கும் வந்த விருந்தாளி

இச்செய்தி கடல் கடந்த ஊரின் கதையாக நின்றுவிடவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காக நீலகிரியில் வாட்டில் மரம் பயிரிடப்பட்டது. அவ்வட்டாரத்தார் சீகை மரம் என்று வழங்குவது இதனையே. இதுவும் ஆஸ்திரேலிய அகேசியா இனந்தான். அதன் பூச்சியும் 1928ஆம் ஆண்டு நீலகிரியில் காணப்பட்டது. அதே பஞ்சுப்பொதிச் செதிள் பூச்சி! ஆனால் இம்முறை மருந்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கலிபோர்னியாவில் வென்ற பொறிவண்டின் வழிவந்தவை எகிப்து வழியாகக் கொண்டுவரப்பட்டு 1929, 1930 ஆண்டுகளில் பெருக்கி விடப்பட்டன. அவை நீலகிரியில் நிலைபெற்றுப் பூச்சியை அடக்கின.

தென்னைக்கும் இத்தகைய சான்று உண்டு. பீஜித் தீவுகளில் தென்னை ஓலையைத் தாக்கிய செதிள் பூச்சிக்காக 1928ஆம் ஆண்டு டிரினிடாட் தீவிலிருந்து ஒரு பொறிவண்டு இனம் கொண்டுவரப்பட்டது. தீவுதோறும் அது வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் செதிள் பூச்சி பொருட்படுத்தத்தக்க பகையாக இல்லாது போயிற்று.

வெற்றிக்குக் காரணம் யாது?

எந்த வண்டை எங்கு விட்டாலும் வெற்றி என்று எவரும் எண்ணிவிடலாகாது. கிரிப்டோலீமஸ் பொறிவண்டு 1898ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பிச் செடியின் பச்சைச் செதிள் பூச்சியை அடக்கவே அது வந்தது. அவ்வேலையில் அது பயன்படவில்லை. ஆனால் மாவுப்பூச்சிகளைத் தின்று இந்நாட்டில் நிலைத்துவிட்டது. இன்று மாவுப்பூச்சிக்கு எதிராகப் பரங்கிக்காயின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இவ்வண்டை விட்டுப் பெருக்கித் தோட்டங்களுக்கு வழங்குகின்றனர். ஆளுக்கேற்ற வேலை என்பது பூச்சிக்கும் பொருந்தும்.

வெடாலியா வென்றதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம். ஒன்று, அது ஐசீரியாவைத் தவிர வேறொன்றை நாடி அலைவதில்லை. இரண்டு, புழுவும் வண்டும் ஆகிய இரு பருவத்திலும் அது அதே இரையை உண்கிறது. மூன்று, இரை ஒரு தலைமுறை வளர்வதற்குள் இது அதனினும் விரைந்து பெருகுகிறது. நான்கு, இரை இருக்கும் மரத்தைத் தேடிப் பறந்து சேரும் ஆற்றல் இதற்கு உண்டு.

இங்கே அங்கத்தினர் மனத்தில் நன்கு பதிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. காவலர் ஒருபோதும் தீய பூச்சியை அடியோடு ஒழிப்பதில்லை. ஒழித்துவிட்டால் தமக்கு உணவின்றித் தாமும் மாய்வர். பூச்சி சிறிது இருக்கும். காவலரும் சிறிது இருப்பர். மரத்துக்குச் சேதம் தெரியாது. பூச்சி பெருகத் தொடங்கினால் காவலரும் பெருகுவர். ஆனால் பூச்சி முந்தும், காவலர் பிந்துவர். உணவு கண்ட பின்னரே குடும்பம் பெருகும் என்பது இயற்கை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே சோதனைக் காலம். ஓலை வெளுப்பதைக் காணப் பொறாமல் தோப்புக்காரர் மருந்துக் கடைக்கு ஓடுவது அந்த வாரங்களில்தான்.

காவலரைக் கொன்ற கை

அவ்வாறு ஓடியதன் விளைவைக் கலிபோர்னியாவே காட்டிற்று. பஞ்சுப்பொதிப் பூச்சி அரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. அங்குள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுத் தோட்டங்களில், 1946, 1947 ஆண்டுகளில், வேறு பூச்சிகளை ஒழிக்கும் பொருட்டு டி.டி.டி. மருந்தைத் தெளித்தனர். அம்மருந்து பஞ்சுப்பொதிப் பூச்சிக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை; அதனைத் தின்னும் பொறிவண்டையோ அடியோடு அழித்தது. பாட்டன் காலத்துப் பகையைப் பேரன் தன் தோட்டத்தில் கண்டான். தெளிப்பு முறையை மாற்றி, வண்டை மீண்டும் கொணர்ந்து விட்ட பின்னரே தோட்டங்கள் தேறின.

டி.டி.டி. கொடிய மருந்து, இன்று வருபவை மென்மையானவை என்று கூறுவார் உளர். 1990களின் பிற்பகுதியில் அதே மாநிலத்தில் பைரிப்ராக்சிஃபென் என்னும் மருந்து ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வந்தது. பூச்சியின் வளர்ச்சியைத் தடுப்பது அதன் இயல்பு; தொட்டவுடன் கொல்வதன்று. வளர்ந்த பொறிவண்டு அதனால் சாகவில்லை. ஆனால் அது இட்ட முட்டை பொரிக்கவில்லை. அதன் புழு வண்டாகவில்லை. பஞ்சுப்பொதிப் பூச்சி மீண்டும் தலைதூக்கிற்று. தோப்பில் வண்டு பறப்பதைக் கண்டு மருந்து தீங்கற்றது என்று முடிவு செய்தல் பிழை. பிள்ளை பிறவாத வீட்டில் பெரியவர் நடமாடுவது போன்றதே அக்காட்சி.

எறும்பையும் மறத்தலாகாது. செதிள் பூச்சியும் மாவுப்பூச்சியும் சொரியும் தேன்கழிவை எறும்பு விரும்பி உண்ணும். அதற்குக் கைம்மாறாகப் பொறிவண்டையும் குளவியையும் விரட்டி அப்பூச்சிகளைக் காக்கும். மாவுப்பூச்சி கண்ட தோட்டத்தில் எறும்பு மரமேறாமல் தடுப்பது, காவலர் உள்ளே நுழையக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

கூட்டுறவு இங்கே எவ்வாறு வருகிறது?

இப்போது நம் பாடத்தின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். இராமன் தோப்பும் கந்தன் தோப்பும் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். இராமன் பணம் கொடுத்து வண்டு வாங்கி விடுகிறான். கந்தன் மருந்து தெளிக்கிறான். எல்லை தாண்டிய வண்டு சாகிறது. காற்றில் மிதந்து வந்த மருந்து எல்லை தாண்டாத வண்டையும் கொல்கிறது. இராமனின் பணம் வீணாயிற்று. இனி, கந்தன் மருந்து தெளிக்காமலும் வண்டு வாங்காமலும் இருப்பதாகக் கொள்வோம். இராமன் விட்ட வண்டு கந்தன் தோப்பையும் காக்கிறது. அடுத்த ஆண்டு இராமனும் 'நான் மட்டும் ஏன் செலவிட வேண்டும்?' என்று கைகட்டி நிற்பான். முன்னதில் ஒருவன் செயல் மற்றவனைக் கெடுத்தது. பின்னதில் ஒருவன் செலவை மற்றவன் அனுபவித்தான். இவ்விரண்டுக்கும் தனிமனிதனிடம் மருந்தில்லை. எல்லோரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, எல்லோரும் ஒரே விதிக்கு உட்படுவதே வழி.

இவ்வழியைக் கலிபோர்னியத் தோட்டக்காரர்கள் கண்டுகொண்டனர். பில்மோர் என்னும் ஊரின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் 1922ஆம் ஆண்டு பயிர்ப் பாதுகாப்புக் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பணம் செலுத்தினர். அப்பணத்தில் பூச்சி வளர்ப்பகம் நடத்தி, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டையும் பின்னாளில் செதிள் பூச்சிகளின் ஒட்டுண்ணிகளையும் வளர்த்து, அங்கத்தினர் தோட்டங்கள் அனைத்திலும் விட்டனர். எத்தோட்டத்தில் எப்போது விடுவது, எங்கே தெளித்தே ஆகவேண்டும் என்பனவற்றைக் கூட்டுறவின் பூச்சி அறிஞர் முடிவு செய்தார். பக்கத்து ஊரான சாண்டா பாலாவில் 1928ஆம் ஆண்டு தோட்டக்காரர்கள் தமக்கே உரிய மற்றொரு வளர்ப்பகத்தைத் தொடங்கினர். பணக்கார நாடு என்பதால் அன்று, பங்கு பிரித்துக் கொண்டமையால்தான் இவை பல பத்தாண்டுகள் நின்றன.

நம் தென்னந்தோப்புகளில்

2016ஆம் ஆண்டு பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்னும் புதிய பூச்சி காணப்பட்டது. நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி, ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெண்மெழுகுப் பொடியுடன் முட்டையிடும், சாற்றை உறிஞ்சும், அதன் கழிவில் கரும்பூசணம் படர்ந்து கீழ் ஓலைகள் கரி பூசினாற் போலாகும். அதனைக் கண்டு அஞ்சிய பலர் கிடைத்த மருந்தையெல்லாம் தெளித்தனர். அத்தோப்புகளிலேயே என்கார்சியா என்னும் சிறு ஒட்டுக்குளவியும், பொறிவண்டுகளும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வேலையைத் தொடங்கியிருந்தன. ஆகவே வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் இரசாயன மருந்தைத் தவிர்க்குமாறு அறிவுரை கூறின.

அவ்வறிவுரையின் சாரம் எளியது. ஓலையின் அடிப்புறத்தில் விசையாக நீரைப் பீய்ச்சுதல்; விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறிகளைத் தோப்பில் தொங்கவிடுதல்; கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளை வாங்கி ஓலையில் வைத்தல்; ஒட்டுண்ணி தாக்கியதால் கறுத்த வெள்ளை ஈக் குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளை, ஒட்டுண்ணி இல்லாத தோப்புக்குக் கொண்டுபோய்க் கட்டுதல்; ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவுப் பசை கலந்து தெளித்துக் கரும்பூசணத்தை உரித்துவிடுதல். வெள்ளை ஈ இன்றும் தீர்ந்துவிடவில்லை. வறண்ட மாதங்களில் மிகுவதும் மழையில் குறைவதுமாகவே உள்ளது. எனினும் காவலரைக் கொன்ற தோப்பு விரைவில் தேறாது என்பதில் ஐயமில்லை.

நெசவாளருக்கு இதில் என்ன உண்டு?

தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர் இப்பாடத்தைத் தோப்புக்காரருக்கு விட்டுவிட வேண்டியதில்லை. பட்டு இழை மல்பெரி இலையிலிருந்து வருவது. 2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியுடன் நில்லாது மரவள்ளியையும் மல்பெரியையும் பற்றியது. மல்பெரிக்கு நினைத்தவாறு மருந்து தெளிக்க முடியாது. நச்சு ஏறிய இலையை உண்டால் பட்டுப்புழு மாளும். 2010ஆம் ஆண்டு பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து இதன் ஒட்டுண்ணிகள் மூன்று பெங்களூருக்குக் கொணரப்பட்டு, பெருக்கப்பட்டு, தமிழகத்தில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் என்னும் குளவி ஓராண்டளவில் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இழையின் விலைக்குப் பின்னே இத்தகைய சிறு குளவியின் உழைப்பும் நிற்கிறது.

மேலும், ஒருமித்துச் செய்யும் வேலை யாதென்பதை நெசவாளருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும்போது ஒருவர் கைவிட்டால் பாவு முழுவதும் கோணும் என்பதை அவர் நாள்தோறும் அறிவார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, அடுத்தடுத்துள்ள தோப்புகளை ஒரு தொகுதியாகக் கொண்டு வரைபடம் ஒன்று எழுதி வைக்க வேண்டும். அங்கத்தினர் அல்லாதார் தோப்பு இடையில் இருப்பின் அவரையும் அழைத்துப் பேச வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு தொகுதிக்கும் இருவரைப் பயிற்றுவித்து, வாரம் ஒருமுறை குறித்த சில மரங்களின் ஓலையைப் பார்த்துத் தீய பூச்சியையும் நல்ல பூச்சியையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். எண்ணாமல் அஞ்சுவதும், எண்ணாமல் அலட்சியம் செய்வதும் ஒன்றே.

மூன்றாவதாக, அப்பதிவைப் பாராமலும் வேளாண்மை அலுவலரைக் கேளாமலும் தொகுதியில் எவரும் மருந்து தெளிப்பதில்லை என்று பொதுப்பேரவை தீர்மானம் செய்ய வேண்டும். தெளித்தே ஆகவேண்டிய நிலை வரின் பாதிக்கப்பட்ட மரங்களுக்கு மட்டும் தெளித்து, ஏனையவற்றைக் காவலருக்குப் புகலிடமாக விட வேண்டும்.

நான்காவதாக, வண்டும் முட்டையும் வாங்கும் செலவை ஏக்கர் வீதம் பகிர வேண்டும். வெளிநாட்டுப் பூச்சியை எவரும் தாமே கொணர்தல் சட்டத்துக்கும் அறிவுக்கும் பொருந்தாது. அஃது அரசு நிறுவனங்கள் ஆராய்ந்து செய்ய வேண்டிய பணி.

ஐந்தாவது, யாவற்றினும் கடினமானது. காத்திருக்கும் மாதங்களில் காய் குறையும். நூறு மரம் உடையவர் பொறுப்பார். இருபது மரம் உடையவர் கடன் தவணைக்கு என்ன செய்வார்? 'பொறுத்திரு' என்று அவருக்குத் தீர்மானம் மட்டும் அனுப்பினால் அவர் இரவோடு இரவாகத் தெளித்துவிடுவார். அவரைக் குறைகூற இடமில்லை. விதிகள் இடந்தரும் அளவில் அவர் தவணையைத் தள்ளி வைக்கவும், தோப்பில் ஊடுபயிருக்குச் சிறு கடன் கொடுக்கவும் நிர்வாகக் குழு முன்வர வேண்டும். எளிய அங்கத்தினரின் பொறுமைக்கு விலை உண்டு. அவ்விலையைத் தொகுதி முழுவதும் பகிர்வதே நீதி.

இறுதியாக ஒன்றை மறைக்காது கூற வேண்டும். நாம் கணக்குப் பார்வையிடச் செல்லும் சங்கங்களில், பூச்சிமருந்து விற்பனை வரவுப் பக்கத்தில் லாபமாக நிற்பதைக் காண்கிறோம். அதே தொகை அங்கத்தினர் வீட்டுக் கணக்கில் செலவாக நிற்கிறது. மருந்து குறைந்தால் சங்கத்தின் இவ்வினத்து லாபம் குறையும். செயலாளருக்கு அது வருத்தமளிக்கலாம். ஆனால் சங்கம் அங்கத்தினரால் ஆனது. அவர் செலவு குறைந்து, மரம் தேறி, தவணை ஒழுங்காக வருமாயின் சங்கத்துக்கு அதனினும் உறுதியான லாபம் வேறில்லை. மருந்து விற்பனையைக் கொண்டே ஒரு சங்கத்தின் வளர்ச்சியை அளக்கும் வழக்கத்தை நிர்வாகிகளும் நம்போன்ற ஆய்வாளரும் விட வேண்டும்.

வட்டக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. பொறிவண்டின் புழுவையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையையும் உங்கள் தோப்பில் அடையாளங் காட்ட எத்தனை பேரால் இயலும்?

2. வெடாலியா ஐசீரியாவை அடக்கியதற்கும், கிரிப்டோலீமஸ் காப்பியின் பச்சைச் செதிள் பூச்சியை அடக்காமற் போனதற்கும் வேற்றுமை யாது?

3. கலிபோர்னியாவில் வளர்ந்த வண்டு சாகாதிருந்தும் பூச்சி மீண்டும் பெருகியது ஏன்?

4. உங்கள் ஊரில் ஒரே தொகுதியாகக் கொள்ளத்தக்க தோப்புகள் எவை? அவற்றுள் அங்கத்தினர் அல்லாதார் எத்தனை பேர்? அவர்களிடம் சென்று பேசத்தக்கவர் யார்?

5. சென்ற ஆண்டு உங்கள் சங்கம் விற்ற பூச்சிமருந்தின் மதிப்பு என்ன? அதில் தோப்புகளுக்குச் சென்றது எவ்வளவு? அத்தொகையில் பத்தில் ஒரு பங்கைக் காவலர் பூச்சிகளுக்குச் செலவிடத் தீர்மானித்தால், இருபது மரம் உடைய அங்கத்தினர் அதனை ஏற்பாரா? ஏற்பதற்கு அவர் கேட்கும் உறுதி யாதாக இருக்கும்?